நயாகரா போகாத டேனியல் மாமா

“வெளிநாடு எங்கயாவது போயிருக்கீங்களா, மாமா?” என்று கேட்டேன்.

“ஆந்திரா கணக்குல வருமா?” என்றார்.

“ஆந்திரா வெளிநாடு இல்ல மாமா.”

“நெல்லூர் பக்கம் அறுப்பு மெஷின் எட்துக்கினு போனப்ப ஒருத்தனும் தமிழ் பேசல. சாம்பாரும் வேற மாதிரி இருந்துச்சி. எனக்கு அது வெளிநாடுதான்.”

“பாஸ்போர்ட்ல முத்திரை குத்தினாங்களா?”

“டோல்கேட்ல சீட்டு குட்தாங்க.”

அடுப்பங்கரையிலிருந்து அம்மா சிரித்தாள். செல்போன் திரையில், கனடாவில் இருந்த என் அக்கா ஜெனிஃபர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “எனக்கு டூட்டிக்கு டைம் ஆவுது. இல்லன்னு போடுடி. அவர்கிட்ட கேட்டுக்கினு இருந்தா உனக்குப் பொழுது விடிஞ்சிடும்.”

“சரி டீச்சர், இல்லன்னே போடு,” என்றார் மாமா. “ஆனா நெல்லூரப் பத்தி ஒரு வரி எழுத எங்கனா எடம் கீதா பாரு. பின்னால யாரும் மறைச்சிட்டான்னு சொல்லக் கூடாது.”

அப்படி இடம் எதுவும் இல்லை. ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

டேனியல் மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பேச்சுதான். அவர் என் அக்காவின் கணவர். அவருக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில், பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எங்கள் ஊர், உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ் நின்று போகும் இன்னொரு ஊர். இரண்டு வீட்டுக்கும் சொந்த நிலம் கிடையாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, கதிர் அறுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். மாமா ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தார். கூரைக்கடியில் நாள் முழுக்க நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. “மழை வந்துச்சா இல்லியான்னே தெரியாம ஒரு நாள் போவுது. அது இன்னா பொழப்பு?” என்று சொல்லிவிட்டு வந்து, நெல் அறுக்கும் மெஷினில் கிளீனராக ஏறினார். இரண்டு போகம் போனதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அறுப்புக் காலத்தில் மெஷின் ஊர் ஊராகப் போகும். மாமா ஊர்களைச் சாப்பாட்டை வைத்துத்தான் நினைவு வைத்திருப்பார். தென்னேரி என்றால் அவருக்கு அங்கே ஒரு வீட்டில் ஊற்றிய கெண்டை மீன் குழம்பு. தாமல் என்றால் கருவாடு போட்ட கத்தரிக்காய்த் தொக்கு. எந்த ஊரில் எந்த வீட்டு நாஷ்டா நன்றாக இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். போன இடத்திலெல்லாம் அவருக்கு ஒரு அத்தையோ பெரியம்மாவோ கிடைத்துவிடுவார்கள்.

நிஜமான அத்தைதான் கஷ்டப்பட்டுக் கிடைத்தாள். அக்காவும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், அப்போதிலிருந்தே விருப்பம். அக்கா நர்சிங் முடித்து, கனடாவுக்குப் போய் இன்னொரு படிப்புப் படித்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கும் உரிமையும் வாங்கினாள். பிறகு கிறிஸ்துமஸ் லீவில் வந்து, டேனியலைத்தான் கட்டுவேன் என்றாள். அப்பா வேதகிரி உடனே தலையாட்டிவிட்டார். அம்மா செவ்வந்திதான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளும் அவள் சோட்டுப் பெண்களும் கூட்டமாகப் போய் அறுத்துக்கொண்டிருந்த கழனிகளில் இப்போது மெஷின்தான் ஓடுகிறது.

“எங்க வேலையத் தூக்கினு போனான். இப்ப பொண்ணையும் தூக்கினு போறான்,” என்றாள் மாமாவின் முகத்துக்கு நேராகவே.

“உங்க பொண்ணுதான் அத்தை என்னைத் தூக்கினு போவுது. நான் எங்க தூக்கினு போறேன்?” என்றார் அவர்.

அம்மா சிரிக்கக் கூடாது என்று உள்ளே போய்ச் சிரித்தாள். ஜனவரியில் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஸ்ரீகாந்த் போட்டோ எடுத்தார். எங்கள் பக்கம் ஆல்பம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு பக்கத்தில் பனி மலையில் நிற்பார்கள். அடுத்த பக்கத்தில் பாரிஸ் கோபுரம். அதற்கடுத்தது பூந்தோட்டம், பூவுக்கு நடுவில் இரண்டு முகம். பெண் கனடாவில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஸ்ரீகாந்த் தனி அக்கறை எடுத்து, நயாகரா அருவிக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கினார். நடுப்பக்கத்தில் அக்கா கையை நீட்டிக்கொண்டிருப்பாள். அவள் உள்ளங்கையில் கட்டைவிரல் உயரத்துக்கு மாமா கைகட்டி நிற்பார். ஊரில் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கே மாப்பிள்ளை மேல் பிரியம் வந்தது அந்தப் படத்துக்குப் பிறகுதான் என்று அப்பா சொல்வார்.

அக்கா லீவு முடிந்து திரும்பிப் போனதும், கணவரை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டோம். அவள் அங்கிருந்து சொல்ல, நான் இங்கிருந்து நிரப்பினேன். நான் உத்திரமேரூரில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால்தான் மாமாவுக்கு நான் டீச்சர். கல்யாணம் உண்மையானது என்று காட்டப் போட்டோக்கள் கேட்டிருந்தார்கள். இருப்பதிலேயே அழகானவை வேண்டும் என்று அம்மா உட்கார்ந்து ஆல்பத்திலிருந்து பொறுக்கினாள். போனில் எடுத்த படங்கள் நிறைய இருந்தன. “கைலியோட நிக்கிறத எல்லாம் கவர்மென்ட்டுக்கு அனுப்புவாங்களா?” என்று அவற்றையெல்லாம் தள்ளிவிட்டாள். எங்கள் யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும் என்று சொன்னார்கள். மாமா சூட்கேஸ் வாங்கினார். காஞ்சிபுரம் போய், உள்ளே பஞ்சு வைத்த கோட்டு ஒன்று வாங்கி, வெயிலில் ஒரு தடவை போட்டுப் பார்த்து, வியர்வையில் குளித்துக் கழற்றினார். சென்னை போய்க் கைரேகை கொடுத்தார். உடம்புப் பரிசோதனை செய்துகொண்டார். அதோடு எல்லாம் நின்றுபோனது.

தினமும் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வரும்.

“இன்னா சொல்றாங்க டீச்சர்?”

“பரிசீலனையில இருக்குதுன்னு போட்டிருக்கு மாமா.”

“நேத்தும் அதானே சொன்னாங்க.”

“ஆமா மாமா.”

“சரி, நாளைக்குப் பாப்போம்.”

நெல் விதைத்து, அறுத்து, மறுபடி விதைத்தார்கள். சூட்கேஸ் சும்மா கிடக்கிறதே என்று அம்மா அதில் உளுந்து கொட்டி வைத்தாள். மெஷின் முதலாளி புருஷோத்தமன் டீக்கடையில் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம், “கனடாக்காரரே, ஏர்போர்ட்டுக்குப் போற வழியில அந்த மேட்டுக் கழனிய முடிச்சி குட்துட்டுப் போங்க” என்பார். எதிர்வீட்டுப் பாஞ்சாலிப் பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே.

“பொண்டாட்டி சம்பாரிக்கிற ஊருக்கு நீ போயி இன்னாடா பண்ணப் போற?”

“சோறாக்கி வெப்பேன் பெரிம்மா. டூட்டி முடிஞ்சி வரப்ப சுடச்சுட இருக்கும். பெரிப்பா உனக்கு எப்பனா ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குட்துருக்காரா?”

பாஞ்சாலிப் பெரியம்மா அன்றைக்கு முழுக்கப் பெரியப்பாவோடு பேசவில்லை.

உடம்புப் பரிசோதனைக்கு ஒரு வருஷம்தான் ஆயுள், மறுபடி செய்ய வேண்டும் என்று தகவல் வந்தபோதுதான் முதல்முறை மாமா எரிச்சல்பட்டதைப் பார்த்தேன். “நான் இன்னா பால் பாக்கெட்டா, தேதி தாண்டினா கெட்டுப்போறதுக்கு?” என்றார். பிறகு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்வந்தார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் அக்காவுக்கு மறுபடி லீவு கிடைத்தது. வந்து ஒரு மாதம் இருந்தாள். சம்பா அறுப்பு நேரம். மாமா எந்தக் கழனியில் இருந்தாலும் சாப்பாட்டுக் கேரியரோடு அங்கே போய்விடுவாள். அவள் திரும்பிப் போன கொஞ்ச நாளில், நல்ல செய்தி என்று போன் செய்தாள். குழந்தை அக்டோபரில் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அக்டோபருக்குள் மாமா போய்ச் சேர வேண்டும். அக்காவுக்கு அங்கே கூட வேலை பார்க்கிறவர்கள் இருந்தார்கள், சொந்தம் என்று ஒருவரும் இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டே டூட்டிக்குப் போய், வந்து தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டுப் படுத்தாள். காலை போனில் ‘இன்னா சொல்றாங்க’ என்று கேட்கும் மாமாவின் குரலில் விளையாட்டுக் குறைந்தது.

மே மாதம், நவரைப் போகத்து அறுப்பு. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கழனி நடுவில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று நின்றது. கழனிக்காரர் வரப்பிலிருந்து கத்தினார்.

“இன்னாப்பா, வண்டி நின்னுபோச்சா?”

“வண்டி நல்லாத்தான் கீது. நான்தான் நின்னுபோயிட்டேன்!”

அக்கா ஸ்கேன் படம் அனுப்பியிருந்தாள். மாமா இறங்கி வந்து, தலையெல்லாம் தூசும் தும்புமாக, அந்தப் படத்தைக் கழனிக்காரருக்குக் காட்டினார், மூட்டை பிடிக்க வந்த பெண்களுக்குக் காட்டினார், கடைசியில் எனக்குக் காட்டினார். பிறகு வரப்பில் உட்கார்ந்தார். சாப்பாட்டைத் திறக்கவில்லை.

“யார் மேல கோவப்படறதுன்னே தெர்ல டீச்சர். பஸ்ஸு லேட்டுன்னா கண்டக்டரக் கேக்கலாம். கரண்ட் போனா லைன்மேனத் திட்டலாம். இவங்களுக்கு மூஞ்சே இல்ல. எவன் டேபிள்ல என் பேப்பர் கீதுன்னு தெரிஞ்சா, போயி அவன் எதுக்க நின்னுனாவது இருப்பேன்.”

நான் கேரியரைத் திறந்து வைத்தேன். அவர் மறுபடி படத்தைப் பார்த்தார்.

“மூக்கு அப்பிடியே உங்க அம்மா மூக்கு,” என்றார். “பாவம் கொழந்த.” அதற்கப்புறம் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கடிதத்தை நான் மாமாவுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். விண்ணப்பதாரர் தாம் எந்த நாட்டுக்கும் போனதில்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் இணைத்த படங்களில் அவர் மூன்று வெளிநாடுகளில் காணப்படுகிறார், அதில் ஒன்று கனடா. சில படங்கள் திருத்தப்பட்டவை போலத் தெரிகின்றன. எனவே இந்தத் திருமணம் உண்மையானதுதானா என்று சந்தேகம் எழுகிறது. ஒரு மாதத்துக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

அம்மா ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“எந்தப் படம்?” என்றாள் அம்மா.

“நயாகரா,” என்றேன்.

“அது ஸ்ரீகாந்த் வெச்சதுன்னு பாத்தாலே தெரியாதா?”

அக்காதான் முதலில் சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. “யோவ், நீ எப்பயா இங்க வந்து அருவி பாத்துட்டுப் போன? எந்த விசாவுல வந்தேன்னு கேக்கறாங்க. நான் இத்தினி வருசமா இங்க கீறேன், நானே இன்னும் அத்தப் பாக்கல!”

“உன்னைய விட்டுட்டுத் தனியா வந்தது தப்புதான். மன்னிச்சிக்கோ,” என்றார் மாமா. அக்கா சிரிப்பை அடக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா உடனே, “மாப்ள, சும்மா இரு, அவள சிரிக்க வெக்காத” என்று அதட்டினாள்.

சிரித்தோமே தவிர எல்லாருக்கும் பயம்தான். பொய் சொன்னதாக முடிவு கட்டிவிட்டால் பல வருஷம் விண்ணப்பிக்கவே முடியாது என்று அக்கா விசாரித்துச் சொன்னாள். மறுநாள் காலை மாமாவும் நானும் ஸ்டுடியோ திறக்கும் முன்பே வாசலில் நின்றோம்.

ஸ்ரீகாந்த் விஷயத்தைக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“கனடாக்காரனே நம்பிட்டானா?”

“அண்ணே...”

“இல்ல, கேக்கறேன். அவன் ஊரு அருவி. தெனம் பாக்கறவன். அவனே நெஜம்னு நெனச்சிக்கினானா? தண்ணி தெறிக்கிற மாதிரி ஓரத்துல கொஞ்சம் சேத்திருந்தேன், அதக் கவனிச்சானா?”

“அண்ணே, எனக்குக் கொழந்த பொறக்கப் போவுது. போவ முடியாம பேஜாரா பூடும்ணே,” என்றார் மாமா.

அந்தக் குரலைக் கேட்டதும் ஸ்ரீகாந்த் அடங்கினார். கம்ப்யூட்டரைப் போட்டார். நல்ல வேளையாக ஒட்டு வேலை செய்வதற்கு முந்தைய படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அவற்றை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஸ்டுடியோவின் பின்புறம் இரண்டு மூங்கிலுக்கு நடுவில் ஒரு நீலத் துணி. அதன் முன்னால் மாமா செங்கல் மேல் ஏறி நிற்கிறார். அக்கா அவரைவிடக் கொஞ்சம் உயரம். புடவைத் தலைப்புப் பறப்பதற்காகக் கீழே ஒரு டேபிள் ஃபேன். துணி ஓரத்தில் ஒரு ஆட்டின் தலை. அதுதான் நயாகரா. உள்ளங்கைப் படத்தில் அக்கா வெறும் கையை நீட்டிக்கொண்டு, ‘இன்னும் எவ்ளோ நேரம்’ என்ற முகத்தோடு நின்றாள். மாமா வேறொரு படத்தில் தனியாகக் கைகட்டி நின்றார்.

ஸ்ரீகாந்த் எல்லாவற்றையும் கொடுத்தார். ‘படங்களை நான்தான் ஒட்டினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்டுடியோ முத்திரையும் குத்தினார். முத்திரை சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை குத்தினார்.

விளக்கக் கடிதத்தை மாமா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். “எங்க பக்கம் கல்யாணம்னா போட்டோகிராபர் எங்கள வெளியூருக்குக் கூட்டினு போவாரு. நாங்க போவ மாட்டோம். போட்டோ மட்டும் போவும். எல்லாருக்கும் அது தெரியும், அதனால யாரும் சொல்றதில்ல. உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தோணல.” அதை மாற்றாமல் அப்படியே எழுதினேன். நெல்லூரைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

அதோடு அம்மா தள்ளிவைத்த படங்களையும் எடுத்தோம். கைலியும் தூசுமாக நிற்கும் மாமாவின் முதுகைத் துண்டால் அடித்துத் தட்டும் அக்கா. பலாச்சுளை தின்று, கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு நிற்கும் இரண்டு பேர். செங்கல்பட்டு பஸ்ஸில் வாய் திறந்து தூங்கும் இரண்டு பேர். மெஷினின் டிரைவர் சீட்டில் அக்கா, பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா. எதற்கோ கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் ஒரு படம். அது நான் எடுத்தது.

“இத்த எல்லாம் பாத்தா எவன் விசா குடுப்பான்?” என்றாள் அம்மா. “ஒண்ணுலயாவது தல சீவிக்கினு கீறீங்களா?”

“தல சீவினதத்தான் அத்தை மொதல்ல அனுப்பினோம்,” என்றார் மாமா.

அனுப்பிவிட்டு மறுபடி காத்திருந்தோம். ஜூன், ஜூலை. அக்காவின் வயிறு வீடியோவில் வாரா வாரம் பெரிதானது. காலை போன் மட்டும் தவறாமல் வந்தது. ஆகஸ்டில் பதில் வந்தது: மாமாவிடம் வீடியோவில் நேரடியாகப் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளர் இருப்பார்.

எங்கள் ஊரில் நெட் விட்டுவிட்டு வரும். ஸ்ரீகாந்த், ஸ்டுடியோவில் வந்து பேசச் சொன்னார். அங்கே நல்ல நெட் இருந்தது, ஏ.சி. இருந்தது. மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கைச் சரிசெய்துவிட்டு, ஸ்ரீகாந்த் மெதுவாகக் கேட்டார்.

“பின்னால ஒரு லைப்ரரி மாதிரி வெச்சிடவா? படிச்ச ஆள் மாதிரி இருக்கும்.”

“அண்ணே, உன் கால்ல வுழறேன். செவுரு செவுராவே இருக்கட்டும்,” என்றார் மாமா.

அதிகாரி ஒரு பெண். மொழிபெயர்த்தவர் இலங்கைத் தமிழர், வயதானவர். நானும் அம்மாவும் கேமராவில் படாமல் கதவோரம் நின்றோம். பேர், ஊர், வேலை எல்லாம் கேட்டார்கள். பிறகு அந்தப் பெரியவர், “உங்கட மனுசியோட கடைசியாச் சண்டை பிடிச்சது எப்ப எண்டு கேக்கினம்” என்றார்.

மாமா, “நேத்து சார்” என்றார்.

“என்னத்துக்கு?”

“பேர் வெக்கிறதுல. பொண்ணு பொறந்தா எங்க அம்மா பேரும் சேத்து வெக்கணும்னு நான் சொன்னேன். அந்த ஊரு வாயில நொழையிற மாதிரி வெக்கணும்னு அது சொல்லுது. நான் சொன்னேன், அந்த ஊரு வாய் கொஞ்சம் பெருசாவட்டுமேன்னு. போன வெச்சிடுச்சி.”

பெரியவர் மொழிபெயர்த்தார். அதிகாரி எதையோ தட்டினார். மனைவி காலையில் என்ன சாப்பிடுவாள், எந்தப் பக்கம் படுப்பாள், எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டார்கள். பல்லிக்கு என்று மாமா சொன்னார். கனடாவில் பல்லி இல்லை என்பதால்தான் அவள் அங்கே போனாள் என்றும் சொன்னார்.

கடைசியில் அதிகாரி ஆல்பத்தின் நடுப்பக்கத்தைத் திரையில் காட்டினார். பெரியவர் கேட்டார்: “இந்தப் படத்தில நீங்கள் உங்கட மனுசியின்ர உள்ளங்கையில நிக்கிறியள். இதையும் விளக்கச் சொல்லினம்.”

மாமா படத்தைக் குனிந்து பார்த்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“மத்ததெல்லாம் ஒட்டினது சார்,” என்றார் மாமா. “அது ஒண்ணுதான் நெஜம்.”

பெரியவர் மொழிபெயர்க்கும் முன்பே சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, தொண்டையைச் செருமி, ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, நன்றி, தகவல் வரும் என்று சொல்லி முடித்தார்.

தகவல் செப்டம்பரில் வந்தது. சொர்ணவாரிப் போகத்து அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதற்கு விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மாமாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்காது. அம்மா செருப்புக்கூடப் போடாமல் கிளம்பினாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஏரிக்கரை தாண்டி, வரப்பு மேல் ஓடி, கழனியில் இறங்கி, மெஷினுக்கு நேர் எதிரில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை, நவுரு! நவுரு!” என்று மேலிருந்து கத்தினார் மாமா.

“எறங்கு மாப்ள! வந்துடுச்சி!”

“இன்னா?”

“வந்துடுச்சிடா பாவி! எறங்கு!”

மெஷின் நின்றது. மாமா குதித்து இறங்கினார். மூட்டை பிடிக்கிற பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா அவர் தலையிலிருந்த தும்பைத் தட்டிக்கொண்டே அழுதாள். புருஷோத்தமன் வரப்பிலிருந்து, “இந்த ஒரு கழனிய மட்டும் முடிச்சிட்டுப் போயேம்பா” என்றார், நிஜமாகவே. மாமா முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

சூட்கேஸிலிருந்து உளுந்தைக் கொட்டி, அதில் வடாமும் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் வைத்தோம். விமான நிலையத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் போனோம். பாஞ்சாலிப் பெரியம்மாவும் வந்தாள். சோறாக்கும்போது தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாமா போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. அவர் போன அடுத்த வாரம்தான் எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார், உள்ளேயும் கூடவே இருந்தார். பெண் குழந்தை. தகவல் வந்ததும் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அம்மா கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் மாமா வீடியோவில் கூப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் மஞ்சளாக நின்றன. அக்கா பின்னால் கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா தோளில் துண்டு போட்டு, அதன் மேல் குழந்தையைச் சாய்த்து, அறைக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். கனடா தூரம் என்பதால் அம்மா எப்போதும் போனில் கத்தித்தான் பேசுவாள். அன்றைக்கு ஊருக்கே கேட்கக் கத்தினாள்: மூக்கைக் காட்டு மாப்ள, மூக்கு யாரு மாதிரி, பால் குடிச்சிதா, குல்லா போட்டீங்களா, ஜெனி சாப்ட்டாளா.

மாமா போனைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நான் அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறேனா என்று பார்த்தார். பார்த்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“டீச்சர், அத்தைய கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லேன். இப்பதான் கண்ண மூடுச்சி.”